கணக்கில் ஒரு ரிக் கூடிய வாரம்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் கடையில் யாராவது ஸ்பூனைக் கீழே போட்டால் எனக்குக் கோபம் வராது. டெல்பர்ட் ஓக்ஸுக்கு வரும். அந்த நேரத்தில்தான் ஹூஸ்டனிலிருந்து வாராந்திரக் கணக்கு வெளியாகும். நாடு முழுக்க இந்த வாரம் எத்தனை எண்ணெய் ரிக்குகள் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தன என்ற கணக்கு. தொலைக்காட்சியில் அந்த எண் வந்து போகும்வரை யாரும் இருமக்கூடக் கூடாது. கடை என்னுடையது, காபி என்னுடையது, தொலைக்காட்சியும் என்னுடையது. ஆனாலும் ஏழு வருஷமாக அதில் ஒரு ஃபுட்பால் ஆட்டம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை பங்குச் சந்தைதான் ஓடும்.

"மேவிஸ், சத்தத்தக் கொஞ்சம் கூட்டேன்" என்பான்.

"ஏன், கோடிக்கணக்குல போட்டு வச்சிருக்கியோ?"

"ஒரு ஷேர் இருக்கு. ஒண்ணுன்னா அது ஷேர் இல்லியா?"

மூன்றாம் வகுப்பிலிருந்து அவனைத் தெரியும் என்பதால்தான் 'அவன்' என்கிறேன். இல்லையென்றால் அறுபத்தெட்டு வயது ஆளுக்குரிய மரியாதையைக் கொடுத்திருப்பேன். முப்பத்து நான்கு வருஷம் ரிக்கில் வேலை பார்த்தவன். தரையில் நின்று பார்க்கிற வேலை இல்லை. தொண்ணூறு அடி உயரத்தில் ஒரு பலகையில் நின்று, மேலே வரும் குழாய்களைப் பிடித்துச் சாய்த்து அடுக்குகிற வேலை. இடது கையில் இரண்டு விரல்களை அதற்குக் காணிக்கை கொடுத்தாயிற்று. ஓய்வு பெற்ற பிறகாவது வீட்டில் கிடப்பான் என்று பார்த்தால், தினமும் விடியற்காலையில் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் கில்பி வட்டாரம் முழுக்கச் சுற்றி ரிக்குகளை எண்ண ஆரம்பித்தான். எண்ணி முடித்து, தீவனக்கடைக் காலண்டரில் எழுதிவிட்டு, ஏழு மணிக்கு என் கடைக்கு முட்டை தின்ன வருவான்.

நின்றுகொண்டிருக்கும் ரிக்கை எல்லாம் அவன் எண்ண மாட்டான். துளைப்பான் சுற்ற வேண்டும். ஹூஸ்டன்காரர்களின் விதியும் அதுதான். சுற்றுகிற ரிக்தான் கணக்கில் சேரும். சும்மா நிற்பது வெறும் இரும்பு. வேலி ஓரம் வண்டியை நிறுத்தி, அது சுற்றுகிறதா இல்லையா என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நிற்பான். மனைவியை அப்படி அரை நிமிஷம் பார்த்திருப்பானா என்று கேட்டால் சிரிப்பான்.

அவனுடைய ஆசை ஒன்றே ஒன்று. ஊரில் உள்ளவன் நிலத்தில் எல்லாம் ரிக் வந்தது. பக்கத்து வேலிக்காரன் கார்வின் ஸ்டைல்ஸ் நிலத்தில் மட்டும் பதினொரு எண்ணெய்க் கிணறு. கார்வினும் என் கடையில் டெல்பர்ட்டோடு ஒரே மேசையில்தான் உட்காருவான். பதினொன்று என்ற எண்ணை எந்தப் பேச்சில் கொண்டுவந்து சொருகலாம் என்று அலைகிறவன். டெல்பர்ட்டின் முந்நூற்று இருபது ஏக்கருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவனுக்குப் பணம்கூடப் பெரிதில்லை. வெள்ளிக்கிழமை அந்த எண் வரும்போது அதற்குள் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஐநூத்தி நாப்பத்தி ரெண்டுன்னு வச்சுக்கோ. அதுல ஐநூத்தி நாப்பத்தி ஒண்ணு ஊர்க்காரனோடது. ஒண்ணு எனக்கு. போதும்" என்பான்.

நெல்டா அவனுடைய மனைவி. பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள், அளந்துதான் பேசுவாள். அவளுடைய தங்கை லியோட்டா ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் இருக்கிறாள். அங்கே மலை உண்டு, ஓடை உண்டு, பார்த்த இடமெல்லாம் மரம். எங்கள் ஊரில் மரம் என்றால் மின்கம்பம்தான். முப்பது வருஷமாக அங்கே போய்விடலாம் என்று நெல்டா சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் டாலஸ் எண்ணெய்க் கம்பெனி ஒன்று டெல்பர்ட்டின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, இதே கடையில் வைத்து அவனோடு ஒரு ஒப்பந்தம் போட்டாள். நான்தான் சாட்சி.

"குத்தகை மூணு வருஷம். ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள ரிக் வந்து நம்ம மண்ணுல சுத்துச்சுன்னா, சாகுறவரைக்கும் ஃபிரெடரிக்ஸ்பர்க்னு வாயத் தொறக்க மாட்டேன். வரலைன்னா நெலத்த வித்துட்டு நீ எங்கூட வரணும்."

"ரிக் கட்டாயம் வரும்" என்றான் டெல்பர்ட்.

"வந்தா வரட்டும். நான் சொன்னது சொன்னதுதான்."

நெல்டா சொன்னால் சொன்னதுதான். திருமணமான புதிதில், அவன் பூட்ஸோடு வீட்டுக்குள் வந்தால் மூன்று நாள் பேச மாட்டேன் என்று சொன்னாள். வந்தான். மூன்று நாள் முடிந்து, அதே நேரம், அதே நிமிஷத்தில்தான் வாயைத் திறந்தாளாம்.

இரண்டு வருஷம் பதினோரு மாதம் ஓடிப்போயிற்று. ரிக் வரவில்லை. எண்ணெய் விலை சரிந்துகொண்டே இருந்தது. டாலஸ் கம்பெனியின் பங்கும் கூடவே சரிந்தது. நெல்டா மெதுவாக அலமாரிகளைக் காலி செய்ய ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சூப்புச் சட்டி கொடுத்தாள்.

அந்தக் கம்பெனியில்தான் டெல்பர்ட்டுக்கு ஒரு ஷேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனித் தலைவர் பங்குதாரர்களிடம் தொலைபேசியில் பேசுவார், அதைக் கேட்கலாம் என்பதற்காகவே வாங்கியது. ஆகஸ்ட் ஆறாம் தேதி அந்தப் பேச்சு. டெல்பர்ட் வீட்டில் சிக்னல் கிடைக்காது. என் கடைக்கு வந்து மேசை நடுவில் போனை வைத்துக்கொண்டான். தலைவர் இருபது நிமிஷம் பேசினார். நான் அதற்குள் இரண்டு சட்டி காபி காய்ச்சிவிட்டேன். பிறகு கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் ஒரு எண்ணை அழுத்தலாம் என்று ஒரு பெண் சொன்னாள். நியூயார்க் ஆய்வாளர்கள் மட்டும்தான் அழுத்துவார்கள். இந்தப் புண்ணியவானும் அழுத்திவிட்டான்.

"உங்கள் நிறுவனம், சார்?" என்றாள் அந்தப் பெண்.

"நிறுவனமா? நெலமும் மாடும்தாம்மா. பேரு ஓக்ஸ்."

"நன்றி. அடுத்த கேள்வி, ஓக்ஸ் நிலம் மற்றும் கால்நடை நிறுவனத்திலிருந்து."

கார்வின் குடித்த காபியை மூக்கு வழியாக விட்டான்.

"வணக்கம்யா" என்று ஆரம்பித்தான் டெல்பர்ட். "உங்களுக்கு ஏழு ரிக் ஓடுதுன்னு இப்பத்தான் சொன்னீங்க. எனக்கு ஆறுதான் வருது. பதினாலாம் நம்பர் ரிக்கு ஒம்பது நாளா திம்மன்ஸ் பள்ளத்துல சும்மா நிக்குது. சுத்தல. நேத்து சாயங்காலம்கூடப் போய்ப் பாத்தேன். அங்க இருக்குற பசங்க சீட்டு வெளையாடுறானுங்க. ஏன்யா?"

அந்தப் பக்கம் யாரோ காகிதம் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மிக நுணுக்கமான கேள்வி" என்றார் தலைவர் கடைசியில். "பதினான்காம் எண் ரிக் மிக விரைவில் வடக்கே மாற்றப்படவிருக்கிறது."

"வடக்கன்னா, ஓக்ஸ் நெலத்துக்கா?"

மறுபடியும் காகிதச் சத்தம். "ஓக்ஸ் பகுதி எங்களுடைய மிகச் சிறந்த வாய்ப்புகளில் ஒன்று" என்றார் தலைவர்.

அவ்வளவுதான். அடுத்துப் பேசிய நியூயார்க் பையன் ஓக்ஸ் பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா என்று கேட்டான். அதற்கு அடுத்தவனும் அதையே கேட்டான். ஜென்மத்தில் கில்பியை எட்டிப் பார்த்திராத தலைவர், ஓக்ஸ் பகுதியின் பாறை அடுக்குகளைப் பற்றி நான்கு நிமிஷம் பேசினார். எனக்கே அந்த இடத்தின் மேல் மதிப்பு வந்துவிட்டது. அங்கே இருப்பது நாற்பத்தோரு மாடு, ஓடாத ஒரு காற்றாலை, யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன ஒரு பழைய ஃபிரிட்ஜ்.

"டேய், அந்தாளுக்கு உன் நெலம் எங்க இருக்குன்னே தெரியாதுடா" என்றான் கார்வின்.

"எனக்குத் தெரியும்ல? நான் வழி சொல்லுவேன்."

அன்று மாலை கம்பெனியின் பங்கு ஆறு சதவீதம் ஏறியது. மறுநாள் தொலைக்காட்சியில் கீழே ஓடுகிற எழுத்தில் 'ஓக்ஸ் பகுதி' என்று வந்தது. பிறகு நியூயார்க் பையன்கள் டெல்பர்ட்டுக்கே போன் போட ஆரம்பித்தார்கள். நிலைமை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அவன் பிக்கப்பில் உட்கார்ந்தபடி கண்ணால் கண்டதைச் சொல்வான். "தெக்க கொஞ்சம் புழுதி. ஒரு மாடு கன்னு போட்டிருக்கு. மத்தபடி நல்லா இருக்கு." உள்ளூர் வட்டாரங்கள் நம்பிக்கையோடு இருப்பதாக மறுநாள் அறிக்கை வரும், பங்கு இன்னும் ஒரு சதவீதம் ஏறும். பங்குச் சந்தை என்றால் என்னமோ ஏதோ என்று பயந்துகொண்டிருந்தேன். என் கடை மேசையில் நடக்கிற பேச்சுதான் அங்கேயும் நடக்கிறது, கோட்டு மட்டும் கூடுதல்.

இவ்வளவு பேசிய பிறகு கம்பெனியால் ரிக்கை அனுப்பாமல் இருக்க முடியவில்லை. ஆகஸ்ட் இருபதாம் தேதி நில அளவைக்காரர்கள் வந்து குச்சி நட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. ரிக்கைச் சுமந்து வரும் நீள லாரிகள் திரும்புகிற இடத்தில் நெல்டாவின் பெக்கான் கொட்டை மரம் நின்றது. அந்த நிலத்தில் இருந்த ஒரே மரம். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுமந்து ஊற்றி, இருபத்திரண்டு வருஷம் வளர்த்தது. பாதையை மாற்ற வேண்டும் என்றால் புது அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மூன்று வாரம் ஆகும், அதற்குள் குத்தகை காலாவதியாகிவிடும். நெல்டா அன்று கண் பரிசோதனைக்காகப் பக்கத்து நகரமான ஒடெஸாவுக்குப் போயிருந்தாள்.

மூன்று மணிக்கு டெல்பர்ட் கடைக்கு வந்தான். ஒன்றும் சாப்பிடவில்லை.

"வெட்டச் சொல்லிட்டேன்" என்றான்.

"அடப் பாவி! அவகிட்டக் கேட்டியா?"

"ரிக் வந்துட்டுப் போனப்புறம் பத்து மரம் வச்சுக் குடுக்கிறேன் மேவிஸ்."

"இந்த மண்ணுல ஒண்ணு வரவே இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. உனக்கு அறுபத்தெட்டு. கணக்குப் போடத் தெரியும்ல, நாள் பூரா அதத்தான பண்ற?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுடைய காபிக் கோப்பையைப் பிடுங்கிக் கழுவப் போட்டுவிட்டேன்.

கண் மருத்துவர் நெல்டாவுக்குச் சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்திதான் வண்டியோட்டிக் கூட்டிவந்தாள். நெல்டா வாசலில் இறங்கி நின்று பார்த்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் சொன்னாள்: "கண்ணுல மருந்து விட்டிருக்குல்ல, அதான் மரம் தெரியல போலன்னு நெனச்சேன் மேவிஸ். உள்ள போய் ரெண்டு மணி நேரம் படுத்திருந்தேன். கண்ணு தெளிஞ்சதும் மறுபடி வந்து பாத்தேன்." மரம் வெட்டிய அன்று இரவும் அவனுக்குச் சோளரொட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறாள். நானாக இருந்தால் சட்டியால் அடித்திருப்பேன்.

ரிக் வந்தது. அறுபது லாரிகளில் அக்குவேறு ஆணிவேறாக வந்து, ஐந்து நாளில் நிமிர்ந்து நின்றது. ஆகஸ்ட் இருபத்தேழு, புதன்கிழமை காலை பத்து மணி எட்டு நிமிஷத்துக்குத் துளைப்பான் ஓக்ஸ் மண்ணில் சுற்ற ஆரம்பித்தது. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். நெல்டா சமையலறை ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். வீடே அதிர்ந்தது. அலமாரியில் மிச்சமிருந்த தட்டுகள் ஆடின. ஒப்பந்தப்படி டெல்பர்ட் ஜெயித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை என் கடையில் நிற்க இடமில்லை. பதினோரு வாரமாக அந்த எண் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. இந்த வாரமும் இரண்டு குறையும் என்று தொலைக்காட்சியில் கோட்டுக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். டெல்பர்ட் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். பன்னிரண்டு மணிக்கு எண் வந்தது. ஒன்று கூடியிருந்தது.

"நான்தான்யா அது!" என்று நாற்காலி மேல் ஏறிவிட்டான். "அந்த ஒண்ணு நான்தான்! பாத்தியா கார்வின், நான்தான்!"

எல்லாரும் கைதட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுஷன் அழுதுவிட்டான். ஆனால் கைதட்டி முடிவதற்குள் கீழே ஓடிய எழுத்தெல்லாம் சிவப்பாக மாறியது. யாரும் எதிர்பாராத விதமாக ரிக் எண்ணிக்கை கூடியிருக்கிறது, சந்தையில் எண்ணெய் வழியப்போகிறது என்று பயந்து ஆளாளுக்கு விற்க ஆரம்பித்திருந்தார்கள். இருபது நிமிஷத்தில் பீப்பாய்க்கு மூன்று டாலர் போயிற்று. எண்ணெய்க் கம்பெனிப் பங்குகள் எல்லாம் சரிந்தன. டாலஸ் கம்பெனி மட்டும் ஒன்பது சதவீதம்.

கடையில் அத்தனை பேரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். அவன் இன்னும் நாற்காலி மேலேயே நின்றுகொண்டிருந்தான்.

"யோவ், எறங்குய்யா கீழ!" என்று கத்தினான் கார்வின். "என் பதினொரு கெணறும் உன்னாலதான் இன்னைக்கு நாசமாப் போச்சு!"

"ஒரே ஒரு ரிக்குடா!"

"அந்த ஒண்ணத்தான்டா சொல்றேன்! போய் அத நிறுத்தச் சொல்லு. ஹூஸ்டனுக்குப் போன் போட்டு, தெரியாமச் சுத்திருச்சுன்னு சொல்லு!"

சொல்லாமலே நிறுத்தினார்கள். கம்பெனி செலவைக் கட்டுப்படுத்தப்போவதாகவும், ஒரு ரிக்கைக் குறைக்கப்போவதாகவும் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது. எதைக் குறைப்பார்கள்? கடைசியாக வந்ததைத்தான். திங்கட்கிழமை ஆயிரத்து எண்ணூறு அடியில் துளையை மூடி, இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டு, அறுபது லாரியும் வந்த வழியே போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. எண்ணெய் விலை ஏறியது. கார்வின் டெல்பர்ட்டின் முதுகில் தட்டி, அவனுக்குப் பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்பு ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தான். டெல்பர்ட் அதைத் தொடவில்லை.

குத்தகை முடியும் முன்பே துளைக்க ஆரம்பித்துவிட்டதால், விதிப்படி குத்தகை இன்னும் தொண்ணூறு நாள் உயிரோடு இருக்கும். சூழ்நிலை சரியானதும் திரும்பி வருவோம் என்று கம்பெனி கடிதம் போட்டது. டெல்பர்ட் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினான்.

நெல்டா தன் வாக்கைக் காப்பாற்றினாள். ஃபிரெடரிக்ஸ்பர்க் என்ற பெயர் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. மற்றபடி எல்லாம் பேசினாள். உப்பு வேண்டுமா என்று கேட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டாள். லியோட்டா போன் செய்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

"என்னத்தச் சொல்ல மேவிஸ்" என்றான் டெல்பர்ட் ஒருநாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "வானிலை அறிக்கையில அந்த ஊர் பேரு வந்தாக்கூட எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடுறா. சண்டையாவது போடலாம்ல? முப்பது வருஷமா தெனமும் கேட்டுக்கிட்டு இருந்த பேரு. இப்ப வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

"நீ கேட்டதுதான? ஜெயிச்சுட்டல்ல, கொண்டாடு" என்றேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். டெல்பர்ட்டின் போன் அடித்தது. டாலஸ் கம்பெனி. காது சரியாகக் கேட்காது என்பதால் அவன் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவான். கடை முழுக்கக் கேட்டது. விலை ஏறிவிட்டதாம், நியூயார்க்கில் மறுபடியும் ஓக்ஸ் பகுதியைப் பற்றிக் கேட்கிறார்களாம். அவன் குத்தகையை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டால் ரிக் திரும்பி வரும். ஒன்று இல்லை, இரண்டு ரிக்.

"ரெண்டா?" என்றான் டெல்பர்ட்.

"இரண்டு, சார்" என்றது போன்.

அவன் நெல்டாவைப் பார்த்தான். "நீ என்ன சொல்ற?"

"உன் இஷ்டம்" என்றாள் அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே. "நான் சொல்ல என்ன இருக்கு? நீ ஜெயிச்சுட்ட."

டெல்பர்ட் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். போன், சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இல்லய்யா" என்றான் கடைசியில். "நெலத்த விக்கப் போறேன். என் பொண்டாட்டி அவ தங்கச்சி ஊருக்குப் போறா. நானும் அவகூடப் போறேன்."

போனை வைத்துவிட்டான். கார்வின் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"நான் எப்பப் போறேன்னு சொன்னேன்?" என்றாள் நெல்டா. அவள் கை நின்றிருந்தது. "நான் ஒரு வார்த்தகூடச் சொல்லலியே."

"அதான் நெல்டா" என்றான் அவன். "அதத்தான் என்னால தாங்க முடியல. ஒரு தடவ சொல்லேன். நான் சொல்லச் சொல்றேன், அதனால வாக்குத் தவறினதா ஆகாது. மேவிஸ் சாட்சி."

நெல்டா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபிரெடரிக்ஸ்பர்க்" என்றாள்.